தகெமுராவுக்கு ஒரு போர்டு

தகெமுரா என்றால் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. வருத்தப்பட வேண்டாம். திருவனந்தபுரத்திலும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் நான் நான்கு நாள் மழையில் நனைந்தேன்.

ஜப்பானிலும் கொரியாவிலும் கால்பந்து உலகக் கோப்பை நடந்த வருஷம் அது. நான் சென்னையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளன். பெரும்பாலும் தொழிற்சாலை வேலைதான். மெஷின் பொருத்த வரும் ஜப்பான்காரருக்கும் நம்மூர் ஃபிட்டருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு பேர் கோபத்தையும் பாதியாகக் குறைத்துச் சொல்ல வேண்டும். அந்த ஜூன் மாதம் மட்டும் அதிசயமாக ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்காரர் வந்து சேர்ந்தார். பெயர் ஹயாஷி. ஐம்பதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, எதற்கெடுத்தாலும் பாதி குனிந்து நன்றி சொல்லும் வழக்கம். தோளில் கேமரா. பையில் எட்டு புகைப்பட அட்டைகள்.

எட்டும் நடுக்கள ஆட்டக்காரர்களின் படங்கள். ஏழு பேர் உலகத்துக்கே தெரிந்தவர்கள். எட்டாவது ஆள் தகெமுரா. ஜப்பானில் நூடுல்ஸ் டப்பாவிலிருந்து வங்கி விளம்பரம் வரைக்கும் அவர் முகம்தானாம். சரி, எல்லை தாண்டினால் அவரை எத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்? மற்ற ஏழு பேரோடு வைத்துப் பார்த்தால் எங்கே நிற்கிறார்? இதுதான் ஹயாஷி எழுத வேண்டிய கட்டுரை. "தென்னிந்தியாவில் கேரளம் என்று ஓர் இடம், அங்கே தெருமுனைக்குத் தெருமுனை ஆட்டக்காரர்களுக்குப் போர்டு வைக்கிறார்கள், நம் ஆளுக்கும் கட்டாயம் இருக்கும்" என்று ஆசிரியரிடம் இவரே வாயைக் கொடுத்துவிட்டார். அவரும் ஒரு முழுப்பக்கம் ஒதுக்கிவிட்டார்.

ரயிலில் அந்தப் பக்கத்தின் மாதிரித் தாளை ஹயாஷி எனக்குப் பிரித்துக் காட்டினார். நடுவில் பெரிதாக ஒரு காலிக் கட்டம். தகெமுராவின் போர்டு படம் அதில் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

"கட்டம் காலியாகவே இருந்தால்?" என்று கேட்டேன்.

"அந்தப் பக்கம் விளம்பரத்துக்குப் போகும். ஆள் குறைக்கிற நேரம் இது. அநேகமாக நானும் பின்னாலேயே போவேன்" என்று சிரித்தார். ஜப்பான்காரர்கள் இப்படிச் சிரித்துக்கொண்டே சொன்னால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். பத்து வருஷத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது அது.

சனிக்கிழமை காலை திருவனந்தபுரத்தில் இறங்கினோம். அங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சென்னையில் நான் கிளம்பும்போது எங்கள் தெருவே குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நின்றுகொண்டிருந்தது. இங்கே தண்ணீர் யாரும் கேட்காமலே சட்டைக்குள் போகிறது. வயிற்றெரிச்சல்தான் போங்கள்.

கிழக்கேகோட்டையில் அக்கிரகாரத் தெரு ஒன்றில், மெஸ்ஸும் மாடியில் இரண்டு அறையும் வைத்திருந்த ராமசேஷன் என்பவரிடம் தங்கினோம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்த குடும்பம். சமையலும் அவரே, கல்லாவும் அவரே. சாப்பாட்டோடு வந்த இளஞ்சிவப்பு வெந்நீரை டீ என்று நினைத்து ஹயாஷி மூன்று டம்ளர் குடித்துவிட்டு, மிக மென்மையான டீ என்று புகழ்ந்தார். அது பதிமுகப் பட்டை போட்ட வெறும் தண்ணீர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாப்பிட்டவுடன் வேட்டை தொடங்கியது. போர்டுகள் இல்லாமல் இல்லை. எங்கே திரும்பினாலும் பிரேசில். மஞ்சளும் பச்சையுமாக மின்கம்பம், மதில், மரம் எதுவும் பாக்கியில்லை. அர்ஜென்டினா மூன்று நாள் முன்புதான் முதல் சுற்றோடு மூட்டை கட்டியிருந்தது. அந்தப் போர்டுகள் நின்ற இடங்களில் வெறும் கம்புகளும், அடியில் வாடிய மலர்வளையங்களும் கிடந்தன. இங்கிலாந்துக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று. ஜப்பானுக்கு மருந்துக்குக்கூட இல்லை.

ஒரு லாட்டரிக் கடைக்காரரிடம் ஹயாஷி தகெமுராவின் அட்டையை நீட்டினார். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அறிஞ்ஞூடா" என்றார். தெரியாது என்று பொருள். எனக்கு மலையாளம் நன்றாகப் புரியும், பேசினால்தான் எதிரே இருப்பவர் சிரிப்பார்.

ஹயாஷியின் முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. "கேள்விப்பட்டிருக்கிறாராம். நல்ல ஆட்டக்காரர்தானாம். இன்னும் இரண்டு வருஷம் போனால் பெரிய ஆளாக வருவார் என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

ஹயாஷி குறிப்பேட்டைத் திறக்கவில்லை. "முருகேசன்-சான், அவர் ஒரே ஒரு சொல் சொன்னார். நீங்கள் மூன்று வாக்கியம் சொன்னீர்கள்" என்றார். பிறகு வழக்கம்போல் பாதி குனிந்தார். "தயவுசெய்து உள்ளதை உள்ளபடியே சொல்லுங்கள். நான் தாங்கிக்கொள்வேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இனி ஒரு சொல்லும் கூட்ட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதன்பிறகு அன்று முழுக்க உள்ளதை உள்ளபடியே சொன்னேன். வளையல் கடை, பஸ் ஸ்டாண்டு, செருப்பு தைப்பவர், கோயில் வாசலில் முண்டு விற்பவர் என்று போகிற இடமெல்லாம் எட்டு அட்டைகளையும் விரித்து, யாரைப் பிடிக்கும் என்று கேட்டோம். மற்ற ஏழு பேருக்கும் குறிப்பேட்டில் கோடுகள் ஏறின. தகெமுராவின் பத்தி வெள்ளையாகவே கிடந்தது. ஒரு வங்கி ஊழியர் அந்த அட்டையைக் கையில் எடுத்ததும் ஹயாஷி நிமிர்ந்தார். அவரோ அதை ஓரமாக நகர்த்தி, அடியிலிருந்த பிரேசில்காரரை எடுத்துக்கொண்டார்.

இரவுச் சாப்பாட்டில் ராமசேஷன் புண்ணியத்தில் ஒரு வோட்டு விழுந்தது. அட்டைகளைப் பார்த்துவிட்டு, தகெமுராவின் மேல் கரண்டிக் காம்பை வைத்தார். "எனக்கு இவன்தான் ஓய். மத்தவாள்லாம் நன்னா தின்னு கொழுத்திருக்கா. இது சாப்டாத கொழந்தை மாதிரின்னா இருக்கு, பாவம்!"

அப்படியே சொன்னேன். ஹயாஷி ஒரு கோடு போட்டார். "இது ஆட்டத்துக்கு விழுந்த வோட்டு இல்லையே" என்று சொல்லி அதை அழித்துவிட்டார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒன்றே ஒன்று விழுந்தது, அதையும் இந்த மனுஷன் வேண்டாம் என்கிறாரே!

அழித்ததைப் பார்த்து ராமசேஷனுக்கும் பொறுக்கவில்லை. "ஊருக்குள்ளே என்னத்தைத் தேடறேள்? நெடுமங்காடு தாண்டி வித்துரா பக்கம் போய்ப் பாருங்கோ. போர்டு வெக்கறதுலே அவாளை அடிச்சுக்க ஆள் கிடையாது. எஸ்டேட்டுத் தமிழாளும் உண்டு, பேச்சுக்குச் சிரமம் இருக்காது" என்றார்.

ஞாயிறு காலை வித்துரா பஸ் ஏறினோம். கேரள அரசு பஸ்ஸில் ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் சுருட்டி வைத்திருக்கும் தார்ப்பாயை இறக்க வேண்டியதுதான். எங்கள் தார்ப்பாயில் இருந்த ஓட்டை சரியாக ஹயாஷியின் காதுக்கு நேராக அமைந்திருந்தது. நெடுமங்காடு தாண்டி ஒரு மேட்டில் வண்டி இருமிவிட்டு நின்றுபோனது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். ஹயாஷியும் பளபளக்கும் ஷூவோடு சேற்றில் நின்று தள்ளினார். கண்டக்டர் அவரிடம் வந்து டிக்கெட்டின் பின்பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஜப்பான் அணியோடு சம்பந்தப்பட்ட யாரோ என்று நினைத்துவிட்டார் போலும்.

வித்துராவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு முச்சந்தி வந்தது. போர்டுகளைப் பார்த்ததும் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டோம். பிரேசில் போர்டு அங்கே ஒரு வீட்டுக் கூரை அகலம் இருந்தது. எதிரே ஒரு டீக்கடை. நடத்துபவர் தங்கமணி அக்கா. அப்பா அம்மா போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள், இவர் கல்யாணமாகி இங்கே இறங்கியவர். நான் தமிழில் டீ கேட்டதுமே முகம் மலர்ந்துவிட்டது.

"சாருக்கு எவிட ஊரு, மெட்ராஸா? இந்த சார் எந்தா, சைனாக்காரரா?"

"ஜப்பான்" என்றேன்.

"அம்மே! கப்பு நடக்கிற ஊரு! அவ்விடத்த விட்டுட்டு மனுஷன் இங்க வந்து என்ன செய்யுறாரு?"

நியாயமான கேள்விதான். கடையில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அதில் இரண்டு பேரை மட்டும் சொல்ல வேண்டும். ஒருவன் ஷாஜி, ஆட்டோ ஓட்டுபவன், பிரேசில் ரசிகர் சங்கத்தின் செயலாளர். இன்னொருவன் பிரசாத், போர்டு வரையும் ஓவியன், அர்ஜென்டினா ரசிகன். மூன்று நாள் தாடியோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். இருவரும் அடுத்தடுத்த வீடு. மற்ற நாளில் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுப்பவர்கள் உலகக் கோப்பை மாதத்தில் மட்டும் பேசிக்கொள்ள மாட்டார்களாம்.

பிரசாத்தின் போர்டு கடைக்குப் பின்னால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. யார் கழற்றியது என்று கேட்டேன்.

"அவனேதான்" என்றார் தங்கமணி அக்கா. "அது இங்கத்த நியமம் சாரே. போன கப்புல ஒருத்தன் போர்டை இன்னொருத்தன் கிழிச்சு, அடிபிடியாகி, ஸ்டேஷன் வரைக்கும் போச்சு. அதுக்கு அப்புறம் எல்லாரும் உக்காந்து பேசித் தீர்மானிச்சது. தோத்த டீமோட போர்டை அந்த டீமோட ஆளுதான் எடுக்கணும். அவனே ஏணியில ஏறி, அவனே அவுத்து, அவனே இறக்கணும். மத்தவங்க கீழ நின்னு செத்தவனுக்கு வெக்கிற மாதிரி ரீத்து வெக்கலாம், கூகூன்னு கூவலாம். போர்டுல மட்டும் கை வெக்கப் பாடில்லா, கேட்டோ?"

ஹயாஷி இதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு அட்டைகளை விரித்தார். ஷாஜி ஒவ்வொன்றையும் எடுத்து, எந்தக் கிளப், எந்தக் காலில் அடிபட்டது, போன மாதம் எத்தனை கோல் என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னான். எட்டாவது அட்டை வந்தது, ஒட்டிய கன்னமும் பெரிய காதுமாகத் தகெமுரா. முன்னால் பார்த்தான். திருப்பிப் பின்னால் பார்த்தான். "இது யார்? இவருடைய தம்பியா?" என்று ஹயாஷியைக் காட்டிக் கேட்டான். கடை முழுக்கச் சிரித்தது.

வாக்குக் கொடுத்தபடி அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். ஹயாஷியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அட்டைகளை ஒழுங்காக அடுக்கி ரப்பர் பாண்டு போட்டார்.

தங்கமணி அக்கா அவருக்குக் கப்பைக்கிழங்கும் மத்திக் குழம்பும் வைத்தார். காரத்தில் மூக்கு ஒழுகினாலும் மனுஷன் விடாமல் சாப்பிட்டார். முள்ளை அத்தனை நேர்த்தியாக உருவி வரிசையாக இலை ஓரத்தில் வைத்ததை அக்கா வைத்த கண் வாங்காமல் பார்த்தார். ஹயாஷி கை கழுவப் போனபோது அக்கா மேஜை மேல் இருந்த மாதிரித் தாளைக் காட்டி, "நடுவுல எந்தா சாரே வெறும் கட்டம்?" என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடம் அது. நான் திறந்துவிட்டேன். கட்டம், செவ்வாய்க்கிழமை, வேலை போகும் நிலைமை, நேற்று அழித்த ஒற்றைக் கோடு, எல்லாவற்றையும் சொன்னேன். மெஸ்ஸின் போன் நம்பரையும் அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று நான் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை ஹர்த்தால். எதற்கு என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று காரணம் வந்தது. பஸ் இல்லை, கடை இல்லை, ஆட்டோ இல்லை. எங்கள் ஊரில் பந்த் என்றால் ஒருவித பயம் இருக்கும். இங்கே ஏதோ சித்திரைத் திருவிழா விடுமுறைபோல் அக்கிரகாரத் தெருவில் பூணூலோடு நாலு பேர் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஹயாஷி மாடி அறையில் உட்கார்ந்து ஆசிரியருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். நான்கு முறை கிழித்து ஐந்தாவது முறை எழுதி முடித்தார். ஃபேக்ஸ் அனுப்ப பூத்துக்குப் போனோம். அதுவும் பூட்டியிருந்தது. மன்னிப்புக் கேட்பதற்குக்கூட அன்று வழியில்லை.

"நாளைக் காலையில் அனுப்பிவிடலாம்" என்றேன்.

"பரவாயில்லை. இன்னும் ஒரு நாள் நான் பத்திரிகைக்காரன்" என்றார். அந்தச் சிரிப்பு மறுபடி வந்தது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் பிரேசில் ஜெயித்து ஊரெல்லாம் வெடி வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ராமசேஷன் என்னைக் கூப்பிட்டார். போனில் தங்கமணி அக்கா. "நாளைக்கு உச்சைக்கு, பன்னெண்டு மணிக்கு, ஜப்பான் மேட்சு இருக்கு, அல்லே? அந்த சாரைக் கூட்டிட்டு இங்க வாங்க. ஒரு காரியம் உண்டு. இப்ப ஒண்ணும் கேக்காதீங்க" என்று வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஜப்பானுக்குத் துருக்கியோடு ஆட்டம். தோற்றால் வெளியே. பூத் திறக்கும் முன்பே கிளம்பிவிட்டதால் மன்னிப்புக் கடிதம் ஹயாஷியின் பையிலேயே இருந்தது. பத்து மணிக்கு முச்சந்தியில் இறங்கினோம். ஹயாஷி இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டு நின்றார்.

பிரேசிலுக்குப் பக்கத்துக் கம்பத்தில், அதே உயரத்தில், தகெமுரா நின்றுகொண்டிருந்தார்.

நீலச் சட்டை, தூக்கிய வலது கால், முன்னால் ஒரு பந்து. பெரிய காதுகள் அச்சாக விழுந்திருந்தன. கன்னம் மட்டும் கொஞ்சம் புஷ்டியாகி, ஏதோ கூட்டுறவு வங்கித் தலைவர் தேர்தலுக்கு நிற்பவர் மாதிரி ஒரு களை வந்திருந்தது. மேலே ஆங்கிலத்தில் பெயர், கீழே மலையாளத்தில் "அபிவாத்தியங்கள்", அதாவது வாழ்த்துகள். கடைவாசலில் இருபது பேர் வரிசையாக நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷாஜியும் பிரசாத்தும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

தங்கமணி அக்கா என் பக்கம் நகர்ந்து வந்து, "நாலு வருஷமா இங்கயே இருக்குன்னு சொல்லுங்க சாரே. ஞாயித்துக்கெழம பெயிண்ட் அடிக்க எறக்கி வெச்சிருந்தோம்னு சொல்லுங்க" என்று கிசுகிசுத்தார்.

ஹயாஷி போர்டுக்கு அடியில் போய் நின்றார். கையை உயர்த்தி ஓரத்தைத் தொட்டார். விரலில் நீலம் ஒட்டியது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

என் வாயில் பொய் தயாராக இருந்தது. ஒரு வாக்கியம் போதும். கட்டம் நிறையும், மனுஷன் வேலை பிழைக்கும், இத்தனை பேர் முகமும் மலரும். ஆனால் லாட்டரிக் கடை வாசலில் அவர் குனிந்தது ஞாபகம் வந்து தொலைத்தது. "நேற்று ஹர்த்தால். கடையெல்லாம் மூடியிருந்ததால் சேர்ந்து செய்திருக்கிறார்கள். நான்தான் உங்கள் கட்டத்தைப் பற்றி உளறிவிட்டேன். மன்னியுங்கள்" என்றேன்.

அவர் ஷாஜியிடம் போனார். நான் நடுவில் நின்றேன்.

"உங்களுக்குத் தகெமுராவைப் பிடிக்குமா?"

ஷாஜி தலையைச் சொறிந்தான். "பொய் சொல்லக் கூடாதில்லையா சார். முந்தாநாள் வரைக்கும் ஆளையே தெரியாது."

"பிறகு ஏன்?"

ஷாஜி பிரசாத்தைப் பார்த்தான். பிரசாத் தரையைப் பார்த்தான். தங்கமணி அக்காதான் வெடித்தார். "பின்னே? ஒரு மனுஷன் கடல் தாண்டி வந்து, ஒரு ஆளோட படத்தைத் தேடி மழையில நடக்காரு. வந்த ஊருல வெறுங்கையோட திருப்பி அனுப்பவா? எங்களுக்கு நாணமில்லையா? இவன் போர்டைத்தான் சும்மா சாத்தி வெச்சிருந்தான். நான்தான் சொன்னேன், டேய், அழுதது போதும், எடுத்து வரையுன்னு. பேப்பர்ல வந்த போட்டோவப் பாத்து வரைஞ்சான். ஷாஜி கம்பு கொண்டாந்தான். அர்ஜென்டீனா நீலம் கெடந்தது, அதும்மேல கொஞ்சம் கடுப்பமா அடிச்சா ஜப்பான் ஆயாச்சு!"

ஒரு சொல் விடாமல் சொன்னேன். ஹயாஷி எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை குனிந்தார். இந்தமுறை பாதி இல்லை, முழுசாக. நிமிர ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு கேமராவை எடுத்துப் படம் பிடித்தார். போர்டை மட்டுமில்லை, இருபது பேரையும் அதன் கீழே நிறுத்திப் பிடித்தார்.

பன்னிரண்டு மணிக்கு ஆட்டம். கடையின் டி.வி. முன்னால் இடமில்லை. கால் மணிக்குள் துருக்கி தலையால் முட்டி ஒரு கோல் போட்டுவிட்டது. அதன்பிறகு ஜப்பான் முட்டி மோதியும் ஒன்றும் நடக்கவில்லை. அங்கே ஜப்பானிலும் மழை. முந்தாநாள் வரை பெயர் தெரியாத ஆளுக்காகக் கடை முழுக்கக் கத்தியது. ஹயாஷி மட்டும் குறிப்பேட்டோடு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

இன்னும் இருபது நிமிஷம் இருக்கும்போது கரண்ட் போனது. "அய்யோ" என்று ஒரே கூக்குரல். டி.வி. கறுப்பாக நிற்க, வெளியே மழை மட்டும் கேட்டது. "இப்போ அங்கே என்ன நடக்கும்?" என்று ஷாஜி ஹயாஷியிடம் கேட்டான்.

ஹயாஷி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தகெமுரா இப்போது ஓடிக்கொண்டிருப்பார்" என்றார். "மற்ற ஏழு பேரும் அவரைவிடக் கெட்டிக்காரர்கள். எனக்குத் தெரியும். இந்த ஆள் செய்வதெல்லாம் ஒன்றுதான். தோற்கிற ஆட்டத்தில் இன்னும் அதிகமாக ஓடுவார்."

நான் அதைச் சொல்லி முடித்தேன். கரண்ட் வந்தது. திரையில் முதலில் தெரிந்தது தகெமுராதான். கோட்டுக்கு வெளியே போன பந்தை எடுக்க, மழையில் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்தார். வெறும் த்ரோ-இன் அது. அதற்குக் கடை கிடுகிடுத்தது.

கோல் விழவில்லை. ஜப்பான் தோற்றது. தகெமுரா ஈரப் புல்லில் நின்று கூட்டத்தைப் பார்த்துக் குனிந்தார். ஹயாஷி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்தார்.

பிரசாத் ஏணியைக் கொண்டுவந்து கம்பத்தில் சாத்தினான். சாத்திவிட்டு நகர்ந்துகொண்டான். அப்போதுதான் சிக்கல் எல்லோருக்கும் உறைத்தது. நியமப்படி அந்த அணியின் ஆள்தான் எடுக்க வேண்டும். பிரசாத் அர்ஜென்டினா. ஷாஜி பிரேசில். கடையில் மிச்சமிருந்தவர்களும் இந்த இரண்டில் ஒன்றுதான். எல்லோரும் ஹயாஷியைப் பார்த்தார்கள்.

"சார் அவனோட ஆளுதானே? சார் ஏறுவாரா?" என்றார் தங்கமணி அக்கா.

மொழிபெயர்த்தேன். ஹயாஷி ஏணியைப் பார்த்தார். தகெமுராவைப் பார்த்தார். சட்டையைச் சரி செய்துகொண்டு, "நான் பத்திரிகைக்காரன். யாருக்கும் ஆதரவாளன் இல்லை" என்றார்.

நான்கு நாளில் அந்த மனுஷன் சொன்ன ஒரே பொய் அது. அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன்.

"அப்போ அங்கேயே இருக்கட்டும். அவனோட ஆள் வந்து எடுத்துக்கொள்ளட்டும்" என்றான் பிரசாத். ஏணி உள்ளே போனது.

ஊர் திரும்பி, கிழக்கேகோட்டை ஸ்டுடியோவில் படத்தைக் கழுவி, ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பிவிட்டு ரயில் ஏறினோம். சென்னை சென்ட்ரலில் பிரியும்போது ஹயாஷி எட்டாவது அட்டையை எடுத்து இரண்டு கையாலும் எனக்குக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் தபாலில் வந்தது. கட்டத்துக்குள் போர்டும் கீழே இருபது பேரும். அடியில் ஹயாஷி எழுதியிருந்ததைத் தமிழில் சொல்கிறேன். "இந்த ஊரில் தகெமுராவுக்கு ஒரு ரசிகர்கூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். இந்தப் போர்டை வரைந்தவர் அர்ஜென்டினாவின் ரசிகர். கம்பு கொடுத்தவர் பிரேசிலின் ரசிகர். வரையச் சொன்னவர் டீக்கடைக்காரர். நான் வெறுங்கையோடு போகக் கூடாது என்பது மட்டுமே அவர்கள் எண்ணம்." கூடவே ஒரு சின்னக் கடிதம். ஆசிரியர் முதலில் கத்தினாராம், பிறகு பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டாராம். நாற்காலி இருக்கிறது, உட்கார்ந்திருக்கிறேன் என்று முடித்திருந்தார்.

இரண்டரை வருஷம் கழித்து, மிளகு வாங்க வந்த வேறொரு ஜப்பான் கம்பெனிக்காக மறுபடி வித்துரா போக நேர்ந்தது. பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். கண்டக்டர் கயிற்றை இழுத்து மணியடித்து, "ஜப்பான் முக்கு! ஜப்பான் முக்கில் இறங்க ஆளுண்டோ?" என்று குரல் கொடுத்தார். நான் பதறி எழுந்து குடையை மறந்து இறங்கினேன்.

பிரேசில் போர்டைக் காணோம். கப்பு ஜெயித்த கையோடு ஊர்வலமாக எடுத்துப் போய்விட்டார்களாம். தகெமுரா மட்டும் கம்பத்தில் இருந்தார். மூன்று மழைக்காலத்தில் முகம் கரைந்து, காது இரண்டும்தான் தெளிவாக மிஞ்சியிருந்தன. நீலம் வெளுத்து அடியிலிருந்த அர்ஜென்டினாக் கோடுகள் மேலே வரத் தொடங்கியிருந்தன. அப்படியே ஓடிப் போய்க் கட்டிக்கொள்ளலாம் போல் எனக்குச் சந்தோஷம்.

"சாரே!" என்று தங்கமணி அக்கா கடையிலிருந்து கூவினார். ஷாஜியும் பிரசாத்தும் ஒரே பீடியோடு வந்தார்கள். கூடவே, வெள்ளை வேட்டி கட்டிய பஞ்சாயத்து மெம்பர். பஸ் நிறுத்தத்துக்குக் கூரை போட வேண்டுமாம். கம்பம் குறுக்கே நிற்கிறது. போர்டை எடுத்தால் வேலை ஆரம்பிக்கலாம், ஆனால் நியமம் நியமம்தானே, யார் கை வைப்பது என்று இரண்டு மாதமாகத் தேங்கிக் கிடக்கிறது. எடுக்க ஆளில்லை என்றால் கூரையைக் கொஞ்சம் தள்ளித்தான் போட வேண்டும். ஏணிகூடக் கடைவாசலில் தயாராகச் சாத்தியிருந்தது.

மெம்பர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஜப்பான் பேச்சுப் பேசுகிற ஆள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல. "சாருக்கு எந்த டீம்? ஜப்பான்தானே?" என்று ஆவலோடு கேட்டார்.

கடையே என்னைப் பார்த்தது. என் பர்ஸில் எட்டாவது அட்டை இருந்தது. இரண்டரை வருஷமாக எந்த ஊரில் தகெமுரா ஆடினாலும் ஸ்கோர் தேடிப் பார்க்காமல் நான் தூங்கியதில்லை.

"பிரேசில்" என்றேன்.

ஷாஜி சந்தோஷத்தில் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, எனக்கு ஒரு ஸ்ட்ராங் டீ சொன்னான். தங்கமணி அக்கா ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தார். பிறகு ஏணியை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்கு உள்ளே வைத்தார்.